வங்கி திவாலைக் கணிக்கும் மாடல் பிழை செய்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

வங்கி திவாலை இயந்திரக் கற்றல் மூலம் கணித்துப் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தரவில்தான் கைவைக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே டெபாசிட் காப்பீடு பெற்ற ஒவ்வொரு வங்கியும், ஒற்றைக் கிளை உள்ள கிராமத்து வங்கியானாலும், காலாண்டுக்கு ஒரு முறை தன் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். ‘கால் ரிப்போர்ட்’ எனப்படும் அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். மூடப்பட்ட வங்கிகளின் பட்டியலை டெபாசிட் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசி தேதியோடு வெளியிடுகிறது. 2008 முதல் 2012 வரை மட்டும் 465 வங்கிகள் மூடப்பட்டன.

இந்த இரண்டு தரவையும் இணைத்து ஒரு மாடல் கட்டுவதற்கு ஒரு வாரம் போதும். அது சொல்வதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் மாதங்கள் ஆகின்றன. நான் விழுந்த குழிகளையும், பிறர் வேலையைச் சரிபார்க்கும்போது கண்ட குழிகளையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையோடு வைத்திருங்கள்: இந்த எண்ணை ஒரு மனிதர் எந்தத் தேதியில் முதன்முதலாகப் பார்த்திருக்க முடியும்?

அறிகுறி: 99 சதவீதம் சரி என்கிறது, ஆனால் ஒரு திவாலையும் பிடிக்கவில்லை

2008-இல் வெடித்த நிதி நெருக்கடியில், வங்கி மூடல்கள் உச்சம் தொட்ட 2010-இல் மூடப்பட்டவை 157 வங்கிகள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்தவை ஏறத்தாழ 8,000. அதாவது, எல்லா வங்கியும் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 98 சதவீதம் சரியாகிவிடும். 2018-இலும் 2021-இலும் 2022-இலும் ஒரு வங்கிகூட மூடப்படவில்லை. அந்த ஆண்டுகளில் சும்மா இருக்கும் மாடலுக்கு முழு மதிப்பெண்.

ஆகவே அந்த அளவுகோலைத் தூக்கிப் போடுங்கள். மாடல் அபாயம் என்று வரிசைப்படுத்திய முதல் 100 வங்கிகளில் எத்தனை உண்மையில் விழுந்தன, விழுந்தவற்றில் எத்தனை அந்த 100-க்குள் வந்தன என்று எண்ணுங்கள். வங்கி மேற்பார்வையாளருக்கும் இதுதான் வேண்டும். நேரில் போய்ப் பார்க்க அவரிடம் ஆட்கள் குறைவு.

அறிகுறி: சோதனையில் அபாரம், அடுத்த ஆண்டுத் தரவில் படுதோல்வி

எதிர்காலம் பயிற்சித் தரவுக்குள் (மாடல் கற்றுக்கொள்ளும் பகுதிக்குள்) கசிந்திருக்கிறது. கசியும் வழிகள் பல. ஒன்றை அடைத்துவிட்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

முதலில் தரவைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு வங்கியின் ஒரு காலாண்டு. திவாலுக்கு முந்தைய நான்கு காலாண்டுகளுக்கும் ‘1’ என்றும் மற்றவற்றுக்கு ‘0’ என்றும் விடைக் குறி இட்டிருப்பீர்கள். வரிசைகளைக் குலுக்கிப் பிரித்தால், ஒரே வங்கியின் இரண்டு காலாண்டுகள் பயிற்சியிலும் மற்ற இரண்டு சோதனையிலும் போய் உட்காரும். மாடல் அந்த வங்கியின் சாயலை மனப்பாடம் செய்திருக்கும், நோயைக் கற்றிருக்காது.

வங்கி வாரியாகப் பிரித்தாலும் போதாது. 2009 அக்டோபர் 30 அன்று ஒரே நாளில் ஒன்பது வங்கிகள் மூடப்பட்டன. கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் டெக்சஸிலும் அரிசோனாவிலும் இருந்த அந்த ஒன்பதும் எஃப்பிஓபி என்ற ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள். வீட்டுக்கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகியவற்றின் முன்னுரிமைப் பங்குகளில் பட்ட பெருநஷ்டம் குழுமத்தையே சாய்த்தது. அவற்றில் ஐந்தைப் பயிற்சியிலும் நான்கைச் சோதனையிலும் வைத்தால், ஒரே மரணத்தை இருமுறை எண்ணுகிறீர்கள். தாய் நிறுவன வாரியாகவும் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலத்தால் பிரியுங்கள். 2009 வரை பயிற்சி, 2010-இல் சோதனை என்று நகர்த்திக்கொண்டே போங்கள்.

அடுத்த கசிவு தேதியில். டிசம்பர் 31 என்று தேதியிட்ட அறிக்கை டிசம்பர் 31 அன்று யார் கையிலும் இல்லை. தாக்கல் செய்ய பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. ஜனவரி 15 அன்று மூடப்பட்ட வங்கியை டிசம்பர் அறிக்கையை வைத்துக் கணித்ததாகச் சொன்னால், வராத கடிதத்தைப் படித்ததாகச் சொல்வது போலத்தான். கணிப்புக் காலத்தை அறிக்கைத் தேதியிலிருந்து எண்ணாமல், அறிக்கை வெளியான தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இதைவிட நுட்பமானது திருத்தம். வங்கிகள் பழைய அறிக்கைகளைப் பின்னர் திருத்துவது உண்டு. நீங்கள் இறக்கும் கோப்பில் இருப்பது பெரும்பாலும் கடைசித் திருத்தம். இண்டிமேக் வங்கியின் கதையை நினைத்துப் பாருங்கள். 2008 மே மாதம் தாய் நிறுவனம் தந்த 1.8 கோடி டாலரை, மார்ச் 31 அன்றே வந்ததாகக் கணக்கில் ஏற்றினார்கள். மேற்பார்வை அலுவலகமே அதற்கு அனுமதித்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் ‘நல்ல மூலதனம் உள்ள வங்கி’ என்ற தகுதிக்கான 10 சதவீத வரம்புக்குக் கீழே அது போயிருக்கும். ஜூலை 11 அன்று வங்கி மூடப்பட்டது. அதன் மார்ச் வரிசையில் இருக்கும் மூலதன எண், மார்ச் மாதத்தில் இல்லவே இல்லாத ஒன்று. முதலில் தாக்கல் செய்த வடிவம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், எந்த வரிசைகள் திருத்தப்பட்டவை என்றாவது குறித்து வையுங்கள்.

அறிகுறி: எந்த அம்சம் முக்கியம் என்று கேட்டால், மூலதன விகிதம் ஒன்றையே காட்டுகிறது

அம்சம் என்பது மாடலுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் எண்; மூலதன விகிதம் என்பது சொத்தோடு ஒப்பிட்டால் வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்பது. அது ஒன்றே முன்னால் நிற்பதைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். வங்கியியல் பாடநூலோடு ஒத்துப்போகிறதே என்று. நானும் ஒரு முறை மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் 1991-இன் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வங்கியின் தொட்டறியத்தக்க மூலதனம் (குட்வில் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்தைக் கழித்த மூலதனம்) மொத்தச் சொத்தில் 2 சதவீதமோ அதற்குக் கீழோ போனால், பொதுவாக 90 நாட்களுக்குள் அதன் பொறுப்பை ஏற்க ஒருவரை நியமிக்கும்படி மேற்பார்வையாளரிடம் சொல்கிறது. அடுத்த காலாண்டில் மூடப்படும் வங்கியைக் கணிக்கச் சொன்னால், மாடல் அந்தச் சட்டப் பிரிவைத்தான் கண்டுபிடித்துத் தருகிறது. மேற்பார்வையாளருக்கு அது முன்பே தெரியும்.

ஒரு வங்கி அந்த 2 சதவீதத்தைத் தொட்ட காலாண்டிலிருந்து அதன் வரிசைகளைப் பயிற்சியிலிருந்து நீக்குங்கள். கணிப்புக் காலத்தை நான்கு காலாண்டாகவும், முடிந்தால் எட்டாகவும் நீட்டுங்கள். மதிப்பெண் சட்டென்று இறங்கும். இறங்கட்டும். அப்போதுதான் உண்மையான சமிக்ஞைகள் மேலே வரும்: கட்டுமானத்துக்கும் மனை மேம்பாட்டுக்கும் கொடுத்த கடனின் பங்கு, தரகர் வழியாகத் திரட்டிய டெபாசிட், வெகுவேகமாக வளர்ந்த கடன் தொகை, வங்கியின் இளம் வயது. அந்த நெருக்கடியில் எந்த மாநிலத்தையும்விட அதிக வங்கிகளை இழந்தது ஜார்ஜியா. அட்லாண்டாவைச் சுற்றிப் புதிதாகத் தொடங்கிய சிறு வங்கிகள் மனைக்கும் வீடு கட்டுவோருக்கும் கடனை வாரிக் கொடுத்திருந்தன. அவற்றின் மூலதன விகிதம் 2006-இல் அழகாகத்தான் இருந்தது.

அறிகுறி: மார்ச் வந்தாலே எல்லா வங்கியும் நோயாளியாகிறது

வருமான எண்கள் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வருபவை என்பதை மறந்துவிட்டீர்கள். காலாண்டுக்கு 20 லட்சம் டாலர் தவறாமல் லாபம் ஈட்டும் வங்கியின் அறிக்கையில் மார்ச்சில் 20, ஜூனில் 40, செப்டம்பரில் 60, டிசம்பரில் 80 என்று ஏறும். அடுத்த மார்ச்சில் மறுபடியும் 20. ‘முந்தைய காலாண்டிலிருந்து லாப மாற்றம்’ என்று ஒரு அம்சம் கட்டினால், ஆண்டுதோறும் மார்ச்சில் 60 லட்சம் விழுந்ததாகத் தெரியும். இருப்புநிலைக் குறிப்பின் எண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை அந்த நாளின் நிலவரம்.

மார்ச் எண்ணை அப்படியே வையுங்கள். மற்ற மூன்றிலும் முந்தைய காலாண்டைக் கழியுங்கள். ஆண்டின் நடுவில் வங்கி கைமாறியிருந்தால் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கக்கூடும். கழித்த விடை பொருத்தமில்லாமல் எதிர்மறையானால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: செத்துக்கொண்டிருக்கும் வங்கிக்கு மிகக் குறைந்த அபாய மதிப்பு

இந்தப் பிழை எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடுவதால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டெக்சஸ் விகிதம் என்று ஒன்று உண்டு. 1980-களில் டெக்சஸ் வங்கிகள் வரிசையாக விழுந்தபோது ஜெரார்ட் கேசிடி என்ற ஆய்வாளர் உருவாக்கியது. மேலே வாராக்கடனும், கடனுக்காகக் கைப்பற்றிய சொத்தும். கீழே பங்கு மூலதனமும் (குட்வில் போன்றவற்றைக் கழித்து), கடன் இழப்புக்கான ஒதுக்கீடும். விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து.

ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். வாராக்கடன் 6 கோடி டாலர், மூலதனம் 1 கோடி, ஒதுக்கீடு 1.5 கோடி. 6-ஐ 2.5-ஆல் வகுத்தால் 240 சதவீதம்; மாடல் சரியாகவே அலறும். அடுத்த காலாண்டில் நஷ்டம் மூலதனத்தைத் தின்றுவிடுகிறது: மூலதனம் மைனஸ் 2 கோடி, ஒதுக்கீடு அதே 1.5 கோடி, வாராக்கடன் 7 கோடி. இப்போது கீழே இருப்பது மைனஸ் 0.5. விகிதம் மைனஸ் 1,400 சதவீதம். ‘100-க்குக் கீழ் இருந்தால் பத்திரம்’ என்று கற்ற முடிவு மரம் (கேள்வி கேள்வியாகப் பிரித்து விடைக்கு வரும் மாடல்), இந்த வங்கியை நாட்டிலேயே மிக ஆரோக்கியமான வங்கிகளின் பக்கம் தள்ளிவிடும். பிணத்துக்கு ஜுரம் இல்லை என்று சொல்வது போல.

விகிதத்தை அப்படியே கொடுக்காமல், வாராக்கடனையும் மூலதனத்தையும் தனித்தனியே மொத்தச் சொத்தால் வகுத்துக் கொடுங்கள். மொத்தச் சொத்து எதிர்மறையாகாது. விகிதமே வேண்டும் என்றால், கீழே உள்ள எண் பூஜ்ஜியத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ போகும்போது மிக உயர்ந்த ஒரு மதிப்பில் நிறுத்திவிடுங்கள். கடனே கொடுக்காத அறக்கட்டளை வகை வங்கிகளிலும் இதே கவனம் தேவை. வாராக்கடனை மொத்தக் கடனால் வகுத்தால் பூஜ்ஜியத்தால் வகுத்ததாகிவிடும். அவற்றைத் தனியாக எடுத்து வைப்பதே நல்லது.

அறிகுறி: பட்டியலில் இருக்கும் திவால்கள் பயிற்சித் தரவில் இல்லை

பெயரை வைத்து இணைத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரே பெயரில் பல ஊர்களில் பல வங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வங்கிக்கும் தனியாக உள்ள எஃப்டிஐசி சான்றிதழ் எண்ணை வைத்து இணையுங்கள்.

வெற்றிடம் உள்ள வரிசைகளை ஒட்டுமொத்தமாக நீக்கினீர்களா? அங்கேதான் திவால்கள் போயிருக்கும். மூழ்கும் வங்கியின் கடைசி அறிக்கை தாமதமாகிறது, அல்லது வராமலே போகிறது. அறிக்கை இல்லாததையே ஒரு அம்சமாக வைக்கலாம். ஆனால் அது கணிப்புத் தேதிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பெரிய ஓட்டை சேமிப்புச் சங்கங்கள், அதாவது டெபாசிட் வாங்கி முக்கியமாக வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகள். 2012-க்கு முன்பு அவை கால் ரிப்போர்ட்டைத் தாக்கல் செய்யவில்லை; அவற்றுக்கென்று வேறொரு படிவம் இருந்தது. கால் ரிப்போர்ட் கோப்புகளை மட்டும் இறக்கியவர்களின் தரவில் வாஷிங்டன் மியூச்சுவல் இருக்காது. 2008 செப்டம்பர் 25 அன்று, 30,700 கோடி டாலர் சொத்தோடு மூடப்பட்ட அதுதான் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய வங்கித் திவால். அது இல்லாமல் 2008-ஐப் பற்றிப் பேசும் மாடல்களை நான் பார்த்திருக்கிறேன். இண்டிமேக்கும் அதே வகைதான்.

விடைக் குறியையும் கூர்ந்து பாருங்கள். வாக்கோவியா என்ற பெரிய அமெரிக்க வங்கி, மூடப்பட்ட வங்கிகளின் பட்டியலில் இல்லை. 2008 செப்டம்பர் இறுதியில் அது தள்ளாடியபோது, அரசு உதவியோடு அதை இன்னொரு வங்கியிடம் ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது. கடைசியில் வெல்ஸ் ஃபார்கோ வாங்கிக்கொண்டது. உங்கள் தரவில் அதன் குறி ‘0’. ஆரோக்கியமான வங்கி என்று மாடலுக்குக் கற்பிக்கிறீர்கள். இணைப்பில் மறைந்த வங்கிகளை ‘0’ என்று எழுதாதீர்கள். மறைந்த நாளோடு அவற்றின் கதை அறுந்தது என்று எடுத்துக்கொள்ளும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு இங்கே கைகொடுக்கும்.

அறிகுறி: 2008-இல் பயின்ற மாடல் 2023-ஐக் கண்டுகொள்ளவே இல்லை

எல்லோரும் கேட்கும் கேள்வி இது: சிலிக்கான் வேலி வங்கியை ஏன் பிடிக்கவில்லை?

அதன் கடன்கள் நன்றாக இருந்தன. வாராக்கடன் சொற்பம். ஒழுங்குமுறை மூலதன விகிதம் 12 சதவீதம். 2008-இன் நோய்களைக் கற்ற மாடலுக்கு அது முன்மாதிரி வங்கி. நோய் வேறு இடத்தில் இருந்தது. 2019 இறுதியில் 7,100 கோடி டாலராக இருந்த சொத்து இரண்டே ஆண்டில் 21,100 கோடியானது. குவிந்த டெபாசிட்டை நீண்டகாலப் பத்திரங்களில் போட்டார்கள். வட்டி ஏறியதும் பத்திரங்களின் விலை விழுந்தது. முதிர்வு வரை வைத்திருப்பதாகச் சொன்ன பத்திரங்களின் கணக்கு மதிப்பு 2022 இறுதியில் சுமார் 9,100 கோடி. சந்தை மதிப்பு சுமார் 7,600 கோடி. இடைவெளி 1,500 கோடி. மொத்தப் பங்கு மூலதனமோ ஏறத்தாழ 1,600 கோடி. அந்த நஷ்டம் மூலதன விகிதத்தில் தெரியவே தெரியாது. கணக்கு விதி அப்படி. டெபாசிட்டில் ஏறத்தாழ 94 சதவீதம் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் இன்னும் 10,000 கோடி வெளியேறக் காத்திருந்தது. வங்கி மூடப்பட்டது.

இந்த எண்களில் பெரும்பகுதி கால் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது: பத்திரங்களின் கணக்கு மதிப்பும் சந்தை மதிப்பும் அருகருகே. அதை அம்சமாகச் சேர்த்தால் போதுமா? போதாது. நானே சேர்த்துப் பார்த்து ஏமாந்தேன். 2008 முதல் 2012 வரை வட்டி இறங்கிக் கிடந்த காலம். அந்தப் பயிற்சியில் இந்த அம்சத்தால் செத்த வங்கியே இல்லாததால், மாடல் அதற்கு எடை தரவில்லை. அதற்காக 2023-இன் மூன்று பெரிய வங்கிகளைப் பிடிக்கும்வரை திருகிக்கொண்டே போனால், மூன்று பெயர்களை மனப்பாடம் செய்த மாடல்தான் மிஞ்சும்.

நான் செய்வது இது. மாடலுக்கு வெளியே ஒரு எளிய கழித்தல் கணக்கு: மூலதனத்திலிருந்து காட்டப்படாத நஷ்டத்தைக் கழிப்பது, மீதியைச் சொத்தால் வகுப்பது, பக்கத்தில் காப்பீடற்ற டெபாசிட்டின் பங்கை வைப்பது. இரண்டிலும் மோசமானவற்றை மாடலின் பட்டியலோடு சேர்த்துக் கொடுக்கிறேன். எது எளிதில் உடையும் என்று அது சொல்லும்; எந்த நாளில் உடையும் என்று காலாண்டு அறிக்கை சொல்லாது.

அதே ஆண்டு ஜூலை 28 அன்று கான்சஸ் மாநிலத்தின் எல்கார்ட் ஊரில் ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கி மூடப்பட்டது. அதன் தலைமை அதிகாரி கிரிப்டோ மோசடி ஒன்றில் சிக்கி, வங்கியின் பணம் சுமார் 4.7 கோடி டாலரை அனுப்பிவிட்டார். எந்த விகிதத்திலும் இது தெரியாது. தவறவிட்டதாக எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

அறிகுறி: ஆயிரம் வங்கிகளுக்கு ‘50 சதவீத அபாயம்’ என்கிறது

சமநிலைக்காக ஆரோக்கியமான வங்கிகளைக் குறைத்துப் பயிற்சி கொடுத்திருப்பீர்கள். ஐம்பதில் ஒன்றை மட்டும் வைத்திருந்தால், மாடல் சொல்லும் நிகழ்தகவை அப்படியே படிக்கக் கூடாது. வைத்திருந்த பங்கு 0.02, மாடல் சொல்வது 0.5. இரண்டையும் பெருக்கினால் 0.01. அதை, அதனுடன் 0.5-ஐக் கூட்டிய 0.51-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 சதவீதம். அதுதான் உண்மையான அபாயம். (கூட்டிய 0.5 என்பது ஒன்றிலிருந்து மாடல் சொன்னதைக் கழித்த மீதி.) செயற்கைத் திவால் வரிசைகளை உண்டாக்குகிறீர்கள் என்றால், தரவைப் பிரித்த பிறகு பயிற்சிப் பகுதியில் மட்டும் செய்யுங்கள்; முன்பே செய்தால் மறுபடியும் கசிவு.

இந்தத் திருத்தத்தைச் செய்யும் முன் பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2008 ஜூன் 26 அன்று இண்டிமேக் பற்றிய தன் கவலைக் கடிதத்தை ஒரு செனட்டர் வெளியிட்டார். அடுத்த 11 நாட்களில் டெபாசிட்தாரர்கள் 130 கோடி டாலரை எடுத்துக்கொண்டார்கள். அந்த வங்கி ஏற்கெனவே நோயுற்றிருந்தது. உங்கள் பட்டியலில் தவறாக இடம்பெற்ற வங்கி நோயுற்றிருக்காது. அதற்கும் வாசலில் கூட்டம் சேரலாம். வங்கியின் பெயரோடு நிகழ்தகவைப் பொதுவெளியில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

அறிகுறி: அமெரிக்காவில் வேலை செய்கிறது, இந்திய வங்கிகளில் குழம்புகிறது

மாடலின் மேல் குற்றமில்லை. விடைக் குறியே வேறு. இந்தியாவில் வணிக வங்கி தள்ளாடினால் பெரும்பாலும் இன்னொரு வங்கியோடு இணைக்கப்படுகிறது. மூடப்பட்ட பட்டியலில் வராது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு வந்தது. பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைந்தது. டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் போனது. பட்டியலை நம்பினால் இதற்கு ‘0’. நான் ‘1’ என்று இடுகிறேன். தேதியாக இணைப்பு நடந்த நாளை வைக்காமல், வரம்பு வந்த நவம்பர் 17-ஐ வைக்கிறேன். யெஸ் வங்கி வேறு வங்கியோடு இணையவே இல்லை. ஆனாலும் 2020 மார்ச் 5 அன்று அதற்கும் 50,000 ரூபாய் வரம்பு வந்தது. அதற்கும் ‘1’. இப்படி ஒவ்வொரு வங்கியாக ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகளைப் படித்து, கையால் எழுதிய அட்டவணை ஒன்று தயாராகும்வரை இந்தியத் தரவில் மாடலை ஓட்டாதீர்கள்.